சின்னக் கிராமத்து மென்னோனைட் சபையின் வரலாற்றை எழுதுவது எப்படி?

சபைக்கு நூறு வருடம், நூற்றைம்பது வருடம் என்று வரும்போது யாராவது ஒருவர் தலையில்தான் வரலாறு எழுதும் வேலை விழும். அவரும் கையில் கிடைத்ததை வைத்து ஒரு விழா மலர் போடுவார்: வந்துபோன போதகர்களின் பட்டியல், கட்டடம் கட்டிய ஆண்டு, கூரை மாற்றிய ஆண்டு, வாழ்த்துரைகள், பாடகர் குழுவின் போட்டோ. அதில் தப்பில்லை. ஆனால் அதைப் படித்து முடித்தவருக்கு அந்தச் சபை ஏன் அந்த ஊரில் இருக்கிறது, எதற்காகப் பிரிந்தது, யார் விட்டுப் போனார்கள், யார் கடைசிவரை நின்றார்கள் என்று எதுவும் தெரியாது. மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகளுக்கு இது பெரிய இழப்பு, ஏனென்றால் இவர்களுடைய கதையே ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போன கதைதான், கட்டடம் என்பது கடைசியில் வந்த விஷயம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: கட்டடத்தை விட்டுவிட்டு ஆட்களின் பின்னால் போங்கள்.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்கிறேன். மேரியன், மெக்பெர்சன், ஹார்வி ஆகிய மூன்று கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) கோதுமை வயல்களுக்கு நடுவே இப்படிப்பட்ட சபைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தாய்ச்சபை கெஸல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் அலெக்சாண்டர்வோல். அது அளவில் சின்னதல்ல, ஆனால் 1908இல் டேபர் சபையும் 1920இல் கெஸல் சபையும் அதிலிருந்துதான் கிளைத்தன. நீங்கள் கிளைச்சபையின் வரலாற்றை எழுதினாலும் தாய்ச்சபையின் பதிவேட்டில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

முதல் கேள்வி: எந்த மென்னோனைட்?

மென்னோனைட் என்று பலகையில் எழுதியிருப்பதை வைத்து எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 1525 ஜனவரி 21 அன்று சூரிச்சில் கான்ராட் கிரேபெல் என்பவர் ஜார்ஜ் பிளௌராக்குக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தில் இந்த இயக்கம் தொடங்கியது. விவரம் தெரிந்த வயதில் விசுவாசத்தைச் சொல்லி எடுப்பதே ஞானஸ்நானம், ஆயுதம் எடுக்கக் கூடாது, சத்தியப் பிரமாணம் செய்யக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். 1536இல் கத்தோலிக்கக் குருப்பட்டத்தை விட்டு வந்த நெதர்லாந்துக்காரர் மென்னோ சைமன்ஸ் பெயரால் பிறகு இவர்கள் அழைக்கப்பட்டார்கள். இந்தப் பொதுக்கதைக்கு உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். அதைப் பெரிய நூல்கள் ஏற்கெனவே எழுதியாயிற்று.

உங்களுக்குத் தேவை கிளை. சுவிஸ், தென்ஜெர்மானிய வழியில் பென்சில்வேனியாவுக்கு வந்தவர்கள் ஒரு கிளை. நெதர்லாந்திலிருந்து இன்றைய போலந்தின் விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துக்குப் போய், அங்கிருந்து ரஷ்யப் பேரரசின் தெற்கே இன்றைய உக்ரைனுக்குப் போய், அப்புறம் அமெரிக்கா வந்தவர்கள் இன்னொரு கிளை. இரண்டிலும் ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் முறையே வேறு. பென்சில்வேனியா வழியில் சீட்டுப் போடுவார்கள். முன்மொழியப்பட்டவர்கள் எத்தனை பேரோ அத்தனை பாட்டுப் புத்தகங்களை மேசையில் வைத்து, ஒன்றில் மட்டும் துண்டுச்சீட்டை வைத்திருப்பார்கள், ஆளுக்கொரு புத்தகம் எடுக்க வேண்டும், சீட்டு யார் கையில் வருகிறதோ அவர் ஆயுள் முழுக்க ஊழியர். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையைப் பள்ளியில் படித்த நமக்கு இது சட்டென்று புரியும். ரஷ்யாவிலிருந்து வந்த சபைகளிலோ ஆண்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தங்களுக்குள்ளிருந்தே சம்பளமில்லாத ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கும் அதிகாரம் மூப்பர் ஒருவருக்குத்தான். இது தெரியாமல் பழைய பதிவுகளைப் படித்தால், ஒரே காலத்தில் எப்படி ஐந்து ஊழியர்கள் என்று குழம்பிப்போவீர்கள்.

ரஷ்யக் கிளைக்குள்ளேயும் பிரிவுகள் உண்டு. 1860இல் உக்ரைனில் இருந்த மொலோச்னாக் குடியேற்றத்தில் மென்னோனைட் பிரதரன் என்ற பிரிவு தனியாகப் போனது, 1869இல் கிரீமியாவில் கிரிம்மர் மென்னோனைட் பிரதரன் உருவானது. 1874இல் மூன்று தரப்பும் கன்சாஸில் பக்கத்துப் பக்கத்து வயல்களில் வந்து இறங்கியது. அலெக்சாண்டர்வோல்காரர்கள் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பிரதரன்கள் மல்லாக்கச் சாய்த்து முழுக்கினார்கள், கிரிம்மர்கள் மண்டியிட வைத்து முன்பக்கமாக முழுக்கினார்கள். இன்று சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டுவதற்கு மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி இதில்தான் இருந்தது. உங்கள் சபையின் குடும்பங்களில் யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று பாருங்கள், பல பழைய மனஸ்தாபங்களின் நுனி அங்கே கிடைக்கும்.

1848இன் கேள்விகள்

வேலையை எங்கே தொடங்குவது என்று திகைப்பவர்களுக்கு வரலாறே ஒரு கேள்வித்தாளைத் தந்திருக்கிறது. 1848இல் தென் ரஷ்யாவின் வெளிநாட்டுக் குடியேறிகளைக் கவனித்த அரசுக் குழு, ஒவ்வொரு கிராமமும் தன் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஊர்த் தலைவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் உட்கார்ந்து எழுதினார்கள். ஊர் எப்போது உண்டானது, பெயர் எப்படி வந்தது, எத்தனை குடும்பங்கள் எங்கிருந்து வந்தன, யார் அழைத்து வந்தது, நிலம் எப்படி, அரசு என்ன உதவி செய்தது, என்னென்ன நோய்களும் பஞ்சங்களும் வந்தன என்று கேள்விகள் நீளும். அலெக்சாண்டர்வோலும் எழுதியது. விஸ்துலா ஓரத்தில் ஷ்வெட்ஸ் நகருக்குப் பக்கத்திலிருந்த ப்ஷெகோவ்கா கிராமத்துச் சபை 1820இல் புறப்பட்டு மொலோச்னாவுக்கு வந்தது, வழியில் ஜார் முதலாம் அலெக்சாண்டரைச் சந்தித்தது, அவர் நலம் வாழ்த்தினார், அதனால் ஊருக்கு இந்தப் பெயர் என்பது அந்த ஊர் சொல்லும் கதை.

அதே கேள்விகளை உங்கள் சபைக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். பதில் தெரியாத தாள்கள் காலியாகவே இருக்கட்டும், அவைதான் உங்கள் தேடல் பட்டியல். இன்னொன்றையும் அந்த அறிக்கையிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஜார் கதை நடந்து முப்பது வருடத்துக்குள் எழுதப்பட்டது, நேரில் இருந்தவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். உங்கள் சபையில் சொல்லப்படும் ஒவ்வொரு கதைக்கும் இதைக் கேளுங்கள்: முதலில் எழுத்தில் வந்தது எப்போது, எழுதியவருக்கு யார் சொன்னது? எழுபது வருடம் கழித்து ஒரு விழா மலரில் முதன்முதலாக வரும் கதையை "என்று சொல்வார்கள்" என்று சேர்த்து எழுதுங்கள், தூக்கிப் போட வேண்டாம். "துருக்கிச் சிவப்பு" கோதுமை விதையை வீட்டுக் குழந்தைகள் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்துக் கொண்டுவந்தார்கள் என்ற கதை கன்சாஸில் வீட்டுக்கு வீடு கேட்கும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பங்கள் எத்தனை ஏக்கர் கோதுமை போட்டார்கள், எத்தனை புஷல் எடுத்தார்கள் என்பதை 1880 கூட்டாட்சிக் கணக்கெடுப்பின் விவசாயப் பட்டியலில் பெயர் வாரியாகப் பார்க்கலாம், அதையும் கதைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பதிவேட்டைப் படிக்கும் முறை

சபைப் பதிவேடுதான் உங்களுக்கு முதல் சொத்து. அலெக்சாண்டர்வோல்காரர்கள் ப்ஷெகோவ்காவிலிருந்து உக்ரைனுக்கும் அங்கிருந்து கன்சாஸுக்கும் பழைய பதிவேட்டைக் கையோடு எடுத்து வந்தார்கள், அதனால் அதே குடும்பங்களை 18ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போய்ப் பார்க்க முடிகிறது. வேடல், உன்ரூ, ராட்ஸ்லாஃப், ஷ்மிட், புல்லர் என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள். இந்த அளவுக்கு அதிர்ஷ்டம் எல்லாச் சபைகளுக்கும் வாய்க்காது, உங்கள் சபைக்கு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு போங்கள்.

சி.எஸ்.ஐ., ஆர்.சி. கோயில் பதிவேடுகளைப் பார்த்துப் பழகிய நம் ஆட்கள் இங்கே முதலில் தடுமாறுவது ஞானஸ்நானத்தில். அங்கே ஞானஸ்நானப் பதிவு இருந்தால் குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் நடந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே அப்படியில்லை. ஞானஸ்நானம் என்பது பெரும்பாலும் இருபது வயதை ஒட்டி, குளிர்காலம் முழுக்க வேதபாடம் படித்துவிட்டுப் பெந்தெகொஸ்தே சமயத்தில் எடுப்பது. பிறந்த தேதியைக் குடும்பப் பக்கத்தில்தான் தேட வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள் வரிசையாக இருப்பார்கள், பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு என்று கட்டங்கள், ஓரத்தில் குறிப்புக்கு இடம். குறிப்புக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். "அமெரிக்கா போனார்", "வேறு சபைக்குப் போனார்", "விலக்கப்பட்டார்", "திரும்பச் சேர்க்கப்பட்டார்" என்று இரண்டு மூன்று சொற்களில் ஒரு வாழ்க்கையின் திருப்பமே இருக்கும். இறந்த குழந்தைகளின் பெயரை அடுத்த குழந்தைக்கே வைத்திருப்பார்கள், ஒரே வீட்டில் மூன்று ஹெலேனாக்கள் இருந்தால் எழுதியவர் தவறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், முதல் இருவரின் இறப்புத் தேதியைப் பாருங்கள்.

உறுப்பினர் எண்ணிக்கையிலும் இதே சிக்கல். உறுப்பினர் என்றால் ஞானஸ்நானம் எடுத்தவர் மட்டும்தான், குழந்தைகளையும் சேர்த்து எண்ணும்போது ஆத்துமாக்கள் என்று தனியாகக் குறிப்பார்கள். ஒரு ஆண்டின் ஆத்துமாக் கணக்கையும் இன்னொரு ஆண்டின் உறுப்பினர் கணக்கையும் பக்கத்தில் வைத்து "சபை பாதியாகக் குறைந்தது" என்று எழுதிவிட்டால் அது அச்சில் நூறு வருடம் நிற்கும்.

தேதிகளில் கவனம் வேண்டும். ரஷ்யாவில் பழைய ஜூலியன் நாட்காட்டிதான் நடைமுறையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதற்கும் நம் நாட்காட்டிக்கும் 12 நாள் வித்தியாசம். பிரதரன் பிரிவு தொடங்கிய நாள் ஆவணத்தில் 1860 ஜனவரி 6 என்று இருக்கும், நம் கணக்கில் அது ஜனவரி 18. உக்ரைனில் பிறந்து கன்சாஸில் இறந்தவருக்குப் பதிவேட்டில் ஒரு பிறந்த நாளும் கல்லறையில் 12 நாள் தள்ளி இன்னொன்றும் இருந்தால் இரண்டுமே சரிதான். எந்த நாட்காட்டி என்று எழுதிவிட்டு இரண்டையும் கொடுங்கள்.

எழுத்து இன்னொரு தடை. பழைய ஜெர்மன் கையெழுத்தான குரென்ட், முதல் பார்வைக்கு ஒரே மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரியும், ஜெர்மன் தெரிந்தவர்களுக்கே ஓடாது. பெயர்களிலிருந்து ஆரம்பியுங்கள். தெரிந்த குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டு அந்த எழுதுநர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று ஒரு தாளில் வரைந்து வைத்தால், கொஞ்ச நாளில் கண் பழகிவிடும். ட்ரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள் இப்போது ஸ்கேன் செய்த பக்கத்தைப் படித்துத் தருகின்றன. உதவிதான், ஆனால் பெயரிலும் எண்ணிலும் அதை நம்பி அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்களைப் பிரித்தறிய "கிராண்ட்மா" என்று அழைக்கப்படும் வம்சாவளித் தரவுத்தளத்தைப் பயன்படுத்துங்கள். கலிபோர்னியா மென்னோனைட் வரலாற்றுச் சங்கம் நடத்துவது, விஸ்துலா-ரஷ்ய வழியில் வந்தவர்களுக்கானது. அதில் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. ஒரே தலைமுறையில் ஏழெட்டு ஹெய்ன்ரிஷ் ஷ்மிட்கள் இருக்கும் சபையில் இந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும். உங்கள் குறிப்புகளில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலும் நிலமும்

1874இல் ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு ஒற்றை வரிப் பதில் போதாது. எல்லாருக்கும் கட்டாய ராணுவச் சேவை என்ற சட்டம் ரஷ்யாவில் 1874இல் வந்தது உண்மை, அது வரப்போகிறது என்று தெரிந்ததும் 1873இல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு வட அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வந்ததும் உண்மை. ஆனால் பள்ளிக்கூடங்களில் ரஷ்ய மொழியைக் கொண்டுவரும் அழுத்தம் இருந்தது, நிலமில்லாத குடும்பங்கள் பெருகியிருந்தன. அதே சட்டத்தின் கீழ் ராணுவத்துக்குப் பதில் காட்டு வேலை செய்யலாம் என்று சலுகை கிடைத்ததும் பெரும்பான்மையோர் ரஷ்யாவிலேயே தங்கிவிட்டார்கள். 1873க்கும் 1884க்கும் இடையில் போனவர்கள் ஏறத்தாழ 18,000 பேர், அவர்களில் சுமார் 10,000 பேர் அமெரிக்காவுக்கு, மீதிப் பேர் கனடாவின் மனிடோபாவுக்கு. உங்கள் குடும்பங்களில் யார் போனார்கள், யாருடைய அண்ணன் தங்கிவிட்டார் என்று பார்த்தால் காரணம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவது தெரியும்.

அலெக்சாண்டர்வோல் கிட்டத்தட்ட ஊரோடு கிளம்பியது. மூப்பர் யாக்கோப் புல்லரோடு வந்தவர்கள் சிம்ப்ரியா கப்பலிலும், டீட்ரிச் கெடர்ட்டோடு வந்தவர்கள் டியூட்டோனியா கப்பலிலும் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். கெடர்ட் பக்கம் ஹோஃப்னுங்சாவ் என்ற தனிச் சபையாக ஆனது. ஆக யார் எந்தக் கப்பல் என்பதே பிற்காலத்தில் யார் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது. ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல் 1850லிருந்து இருக்கிறது, நியூயார்க்கில் இறங்கியபோது எழுதிய பட்டியலும் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத குழந்தை கடலிலேயே இறந்திருக்கலாம்.

இறங்கிய பிறகு நிலப் பத்திரங்கள் பேசும். கன்சாஸ் நிலம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 36 துண்டுகளாகவும் அளக்கப்பட்டது, ஒரு துண்டு 640 ஏக்கர். ரயில் பாதைக்கு இருபுறமும் ஒற்றைப்படைத் துண்டுகள் ரயில்வேக்கு, இரட்டைப்படைத் துண்டுகள் அரசு வசம். சாண்டா ஃபே ரயில்வே தன் பங்கை விற்க ஆள் தேடி ஏஜென்ட்டுகளை அனுப்பியது, மென்னோனைட்டுகள் கூட்டமாக வாங்கினார்கள், வந்த முதல் குளிர்காலத்துக்கு ரயில்வேயே பொதுக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தது. ஆனால் இடையிடையே இருந்த அரசு நிலத்தில் யார் வேண்டுமானாலும் வந்து குடியேறலாம் என்பதால் ரஷ்யாவில் வாழ்ந்ததுபோல் நெருக்கமான தெருக்கிராமமாக வாழ்வது கடினமானது. ஹோக்ஃபெல்ட் போன்ற கிராமங்களை அமைத்துப் பார்த்தார்கள், சில ஆண்டுகளில் ஒவ்வொருவரும் தங்கள் வயலுக்கே வீட்டை மாற்றிக்கொண்டார்கள். ஊர் கலைந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைதான் எல்லாரும் கூடும் ஒரே இடம். கோயில் ஏன் எந்த ஊரிலும் இல்லாமல் வயல் நடுவே நிற்கிறது என்பதற்கு இந்த நிலப் படம்தான் விடை. பத்திரங்கள் கவுண்டித் தலைநகரின் பதிவு அலுவலகத்தில் இருக்கும், அரசு நிலத்துக்கான பட்டாக்களைக் கூட்டாட்சி நில அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1890 கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கு 1921 தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் கன்சாஸ் மாநிலம் 1875, 1885, 1895 என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை 1925 வரை தனியாக எடுத்தது, அந்த ஓட்டையை அது அடைத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது என்று நான் அழுத்தியே சொல்வேன். நிறைய விழா மலர்கள் "ஆளில்லாத புல்வெளிக்கு வந்தார்கள்" என்று தொடங்குகின்றன. ஆளில்லாமல் இல்லை. கா, ஒசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்து வேட்டையாடிய நிலம் அது. ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் சுருக்கப்பட்டு, கடைசியில் கவுன்சில் க்ரோவ் பக்கம் மிச்சமிருந்த கா மக்களையும் 1873இல் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். மென்னோனைட்டுகள் வந்தது அடுத்த வருடம். தங்கள் மனச்சாட்சிக்காக நாடு விட்டு வந்தவர்களின் வரலாறு, அந்த இடத்தை விட்டுப் போக வைக்கப்பட்டவர்களையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பத்தியாவது எழுதுங்கள், முதல் அத்தியாயத்திலேயே எழுதுங்கள், பின்னிணைப்பில் ஒதுக்காதீர்கள்.

மினிட்ஸ் புத்தகம் மௌனமாகும் இடங்கள்

சபைக் கூட்டங்களின் மினிட்ஸ் புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தால் ஆர்கன் வாங்கலாமா, ஞாயிறு பள்ளி தேவையா, ஆங்கிலத்தில் பாடலாமா என்ற விவாதங்கள் கிடைக்கும். ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிய ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசங்கம் மாறிய ஆண்டு, மினிட்ஸ் மாறிய ஆண்டு, ஞாயிறு பள்ளி மாறிய ஆண்டு மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். வீட்டில் பேசியது இரண்டுமே இல்லை, ப்ளௌட்டீட்ஷ் என்ற தாழ்ஜெர்மன்.

ஆனால் 1917, 1918க்கு வரும்போது பல சபைகளின் புத்தகம் வாய் திறக்காது. பயம்தான் காரணம். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ஜெர்மன் பேசுகிறவர்கள், போருக்குப் போக மறுக்கிறவர்கள் என்று இரட்டைச் சந்தேகம் இவர்கள் மேல் விழுந்தது. கன்சாஸில் மென்னோனைட் கட்டடங்களில், கோழைகள் என்று காட்டும் அடையாளமாக, மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். பர்ட்டன் ஊரில் போர் முடிந்த 1918 நவம்பர் 11 அன்றே, போர்ச் செலவுக்காக அரசு விற்ற போர்ப் பத்திரம் வாங்க மறுத்த ஒரு மென்னோனைட் விவசாயியைக் கூட்டம் இழுத்துவந்து அவர் மேலேயே மஞ்சள் பெயிண்ட் பூசியது. இளைஞர்கள் ஃபன்ஸ்டன் ராணுவ முகாமில் சீருடை மறுத்து நின்றார்கள், சிலர் லெவன்வொர்த் சிறைக்குப் போனார்கள். சபைப் புத்தகத்தில் இல்லாதது உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகைகளிலும், நீதிமன்றக் கோப்புகளிலும், வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலும் இருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்கு வேறு எச்சரிக்கை. 1941 முதல் 1947 வரை ராணுவத்துக்குப் பதிலாகக் குடிமைப் பொதுச்சேவை முகாம்களில் வேலை செய்த ஏறத்தாழ 12,000 பேரில் 4,600க்கும் மேற்பட்டவர்கள் மென்னோனைட்டுகள். மரம் நட்டார்கள், காட்டுத்தீ அணைத்தார்கள், மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்தார்கள். இதைச் சபைகள் பெருமையோடு எழுதும், எழுதட்டும். ஆனால் அதே பெஞ்சுகளிலிருந்து சீருடை போட்டுப் போனவர்களும் கணிசமாக இருந்தார்கள், திரும்பி வந்தவர்களைச் சபை எப்படி நடத்தியது என்பது இடத்துக்கு இடம் வேறு. அந்தப் பெயர்களையும் பட்டியலில் சேருங்கள்.

மினிட்ஸில் காணாமல் போகிற இன்னொரு பாதி பெண்கள். சபையின் சகோதரர் கூட்டத்தில் நெடுங்காலம் ஆண்களுக்குத்தான் ஓட்டு. அதனால் ஐம்பது வருட மினிட்ஸைப் படித்தாலும் ஒரு பெண்ணின் பெயர்கூட வராமல் போகலாம். தையல் சங்கத்தின் கணக்கு நோட்டைத் தேடுங்கள். எத்தனை கெஜம் துணி, எந்த அனாதை இல்லத்துக்கு, எந்த மிஷனுக்கு, ஏலத்தில் எவ்வளவு என்று அந்த நோட்டில் சபையின் வெளியுலகத் தொடர்பே இருக்கும். 1920இல் உக்ரைன் பஞ்சத்துக்காக மென்னோனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்பு தொடங்கியபோது மூட்டை மூட்டையாகத் துணி கட்டி அனுப்பியது இந்தப் பெண்கள்தான். பெயர் தைத்த குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) எந்த வீட்டு அலமாரியிலாவது மடித்திருந்தால் கேட்டு வாங்கி, விரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாக நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். நூலில் தைத்த கையெழுத்து அது. எந்த ஆண்டு யார் யார் அந்த வட்டத்தில் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. "திருமதி" போட்டுக் கணவன் பெயரால் மட்டும் தைத்திருந்தால் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சொந்தப் பெயரைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

வயதானவர்களிடம் பேசப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், பழைய போட்டோவை எடுத்துப் போங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். "இந்தப் போட்டோவில் ஆண்கள் ஏன் ஒரு பக்கம், பெண்கள் ஏன் ஒரு பக்கம், எப்போது சேர்ந்து உட்கார ஆரம்பித்தீர்கள், முதலில் உட்கார்ந்தது யார்" என்று கேட்டுப் பாருங்கள். பன்றி அடிக்கும் நாளில் யார் யார் வீட்டுக்கு வந்தார்கள், சனிக்கிழமை யார் வீட்டில் ஸ்விபாக் ரொட்டி சுட்டார்கள் என்பதிலிருந்து சபைக்குள் யார் யாரோடு நெருக்கம் என்பது தானாக வெளியே வரும். ஒலிப்பதிவுக்கு அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சபை விலக்கம் பற்றிய பதிவுகளில் கைவைக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். திருமணத்துக்கு முன் கர்ப்பம், கடன், குடி என்று எல்லார் முன்னாலும் அறிக்கை செய்ய வைத்த சம்பவங்கள் பெயரோடு இருக்கும். என் அபிப்பிராயம் இது: அந்த நடைமுறை இருந்ததை ஒளிக்காமல் எழுதுங்கள், எத்தனை தடவை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவுகோலா என்றும் எழுதுங்கள், ஆனால் பேரப்பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பெயரைப் போட வேண்டிய அவசியம் இல்லை.

எந்தக் காப்பகத்துக்குப் போவது

சபை எந்த மாநாட்டுக் கூட்டமைப்பில் இருந்ததோ அதை வைத்துத்தான் காகிதங்கள் எங்கே போயின என்று கண்டுபிடிக்க வேண்டும். அலெக்சாண்டர்வோல் சேர்ந்திருந்த ஜெனரல் கான்ஃபரன்ஸ் பக்கம் என்றால் நார்த் நியூட்டனில் பெத்தேல் கல்லூரியின் மென்னோனைட் நூலகமும் ஆவணக் காப்பகமும். பிரதரன் என்றால் ஹில்ஸ்பரோவில் டேபர் கல்லூரி, கிரிம்மர்கள் 1960இல் பிரதரனோடு இணைந்ததால் அவர்களுக்கும் அங்கேதான். பழைய மென்னோனைட் சபை என்று அழைக்கப்பட்ட கிழக்குக் கிளை என்றால் இந்தியானாவின் எல்கார்ட். ஜெனரல் கான்ஃபரன்ஸும் பழைய சபையும் 2002இல் மென்னோனைட் சர்ச் யு.எஸ்.ஏ. என்று ஒன்றானாலும் பழைய காகிதங்கள் பழைய இடங்களில்தான்.

இது நம் நாட்டுக்காரர்களுக்கும் நேரடியாக உதவும். சத்தீஸ்கரில் தம்தரியில் 1899இலும் சாம்பா, ஜாஞ்ச்கீர் பக்கம் அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளிலும் மென்னோனைட் மிஷன்கள் வேலையைத் தொடங்கின, தெலங்கானாவின் மகபூப்நகர் பக்கம் பிரதரன் சபைகள் கிராமம் கிராமமாக இருக்கின்றன. தம்தரி சபையின் ஆரம்பக் கடிதங்களைத் தேடுபவர் எல்கார்ட்டுக்கும், சாம்பா சபைக்காரர் நார்த் நியூட்டனுக்கும் எழுதிக் கேட்க வேண்டும். என்ன, மிஷனரி எழுதியது மட்டும்தான் அங்கே இருக்கும், ஊர்ச் சபையின் குரல் ஊரில்தான் கிடைக்கும்.

பத்திரிகைகளை மறக்காதீர்கள். 1880இல் தொடங்கிய மென்னோனிட்டிஷே ருண்ட்ஷாவ் இதழுக்கு ஒவ்வொரு குடியேற்றத்திலிருந்தும் யாராவது கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள்: மழை வந்ததா, யார் செத்தார், யார் வீட்டில் விருந்தாளி, கோதுமை என்ன விலை. உங்கள் ஊர்க் கடிதங்களை ஆண்டு வாரியாகத் தொகுத்தால் மினிட்ஸில் இல்லாத அன்றாட வாழ்க்கை அப்படியே வந்துவிடும். கமியோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இணையக் கலைக்களஞ்சியத்தில் உங்கள் சபைக்கே ஒரு கட்டுரை இருக்க வாய்ப்புண்டு, அதை முதலிலேயே படியுங்கள், ஆனால் அதில் வரும் ஒவ்வொரு ஆண்டையும் மூலத்தோடு ஒத்துப் பாருங்கள்.

எழுத உட்காரும்போது

அத்தியாயங்களைப் போதகர் காலம் என்று பிரிக்காதீர்கள். வந்தது, நிலம் பிடித்தது, பிரிந்தது, மொழி மாறியது, போர், பிள்ளைகள் பண்ணையை விட்டு நகரத்துக்குப் போனது என்று சபையே எடுத்த முடிவுகளை வைத்துப் பிரியுங்கள். போதகர் பட்டியல் கடைசியில் ஒரு பக்கமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு குடும்பத்தையாவது விடாமல் பின்தொடர்ந்து காட்டினால், வாசிப்பவர் அந்த ஊர்க்காரராக இல்லாவிட்டாலும் கூடவே வருவார். பிரிந்துபோன தரப்பின் வாரிசு ஒருவரிடம் அந்த அத்தியாயத்தை அச்சுக்கு முன் படிக்கக் கொடுங்கள், அவர் சொல்லும் திருத்தம் எல்லாவற்றையும் ஏற்க வேண்டாம், ஆனால் அவர் கோபப்படும் வரியை இன்னொரு முறை ஆதாரத்தோடு பாருங்கள்.

அச்சானதும் ஒரு பிரதியைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். அதோடு ஸ்கேன் செய்த பக்கங்கள், ஒலிப்பதிவுகள், அனுமதிக் கடிதங்கள், நீங்கள் பயன்படுத்தாமல் விட்ட குறிப்புகள் எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் ஆண்டு முதலில் வருகிற மாதிரி வரிசைப்படுத்தி, எது எங்கிருந்து எடுத்தது என்று ஒரு பட்டியலோடு கொடுத்துவிடுங்கள். பதிவேட்டின் மூலப் பிரதி இன்னும் யாருடைய வீட்டுப் பரணிலோ இருந்தால், அதையும் இந்தச் சமயத்திலேயே சபையைக் கூட்டிப் பேசி, தீப்பிடிக்காத அறை உள்ள காப்பகத்துக்கு மாற்றிவிடுங்கள்.